ஒழுக்க ஐயா வீட்டுக்கு வந்த நாள்

இப்போதும் யாராவது கடைவீதியில் என்னை நிறுத்தி, "ஏனுங்ணா, அந்த விசிலை ஒருவாட்டி ஊதிக் காட்டுங்க" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்பார்கள். "விசிலெல்லாம் இல்லீங்க, விட்டுப் பல நாளாச்சு" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். நகர்ந்த பிறகு, "நல்ல மனுசன், எத்தனை கருத்துச் சொன்னவரு" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். அதைக் கேட்கும்போதுதான் உடம்பு கூசிப்போகும்.

நான் கருத்துச் சொன்னவன் இல்லை சாமி. கருத்துச் சொல்லிக்கொண்டு அலைகிறவர்களைக் கிண்டல் செய்தவன். அது இந்த ஊருக்குப் புரியவில்லை. புரிய வைக்கிற யோக்கியதை எனக்கும் இல்லாமல் போனது. அதனால் ஒரு பெண்ணுக்கு நடந்ததை, மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உள்ளும் புறமும் புரட்டி, இஞ்ச் டேப்பால் அளந்து பார்ப்போம். ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குவோம். நல்ல பீஸ் என்றால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். இருபது வருடமாக இதே பிழைப்பு. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பழகிப்போன கண் என்னுடையது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவர் சட்டையில் தையல் கோணியிருக்கிறதா என்றுதான் முதலில் போகும்.

கம்பெனி ஆயுத பூஜையில் வருடா வருடம் நான் ஒரு காமெடி நாடகம் போடுவேன். அதை ஒருமுறை பார்த்த ஒருவர், ஊரில் செல்போன் கடை மாடியில் லோக்கல் கேபிள் சேனல் நடத்திக்கொண்டிருந்தார். கோயில் நோம்பி, கடைத் திறப்பு விழா, சீர் வரிசை என்று காட்டிக்கொண்டிருந்த சேனல் அது. "ஞாயித்துக்கிழமை காத்தால பதினோரு மணிக்கு அரை மணி நேரம் தர்றேன், ஊரே சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். அப்படிப் பிறந்தவன்தான் ஒழுக்க ஐயா.

எங்கள் ஊரில் அந்தச் சமயத்தில் சில பேர் ஒழுக்கத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தார்கள். பேக்கரி வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் நிற்பார்கள். ஆணும் பெண்ணுமாக யார் வந்தாலும், "யாரு இவ உனக்கு?" என்று கேட்பார்கள். பப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு அண்ணன் தங்கையைப் பிடித்து ஆதார் கார்டு காட்டச் சொன்ன கூத்தெல்லாம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள். ஏற்றுமதிச் சரக்கு போக வேண்டிய அவசரத்தில், அவர்கள் கம்பெனியில் பொம்பளைப் பிள்ளைகளை இருட்டிய பிறகும் நிற்கவைத்து வேலை வாங்குவார்கள். அப்போது மட்டும் ஒழுக்கம் எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்த பிள்ளை யாரோ தெரிந்தவன் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனால் உடனே முழித்துக்கொள்ளும். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வேஷத்தை யோசித்தேன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒட்டு மீசை. கழுத்தில் எங்கள் செக்கிங் டேப், கையில் விசில், சட்டைப்பையில் அம்புக்குறி ஸ்டிக்கர். ஒழுக்க ஐயா மனிதர்களைச் செக்கிங் செய்வார். துப்பட்டாவை இஞ்ச் கணக்கில் அளப்பார். ஸ்டைலாகக் கிராப்பு வெட்டிய பையன் மண்டையில் ஸ்டிக்கர் ஒட்டுவார். சிரித்துப் பேசிய புருசன் பெண்டாட்டியை, "ரோட்டுல என்ன சிரிப்பு?" என்று கேட்டு ரிஜெக்ட் செய்வார். ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒரு சோதனை இருக்கும். ஒழுக்க ஐயா நல்லவர் மாதிரி ஒரு வீட்டுக்குப் போய், பெண்ணைப் பெற்றவரிடம், "ஏனுங்க, காலம் மாறிப்போச்சுங்க. புள்ளையைத் தாட்டியுடுங்க" என்று, பெண்ணை வெளியே வேலைக்கு அனுப்பச் சொல்லித் தேனொழுகப் பேசுவார். அப்பன்காரன் சரி என்று தலையாட்டினால் போச்சு. விசிலை ஊதி, "மாட்டினியா!" என்று குதித்து அவன் நெற்றியில் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். முடியாது என்று சொன்னால் "பாஸ்!" என்று முதுகில் தட்டுவார். எவ்வளவு கேனத்தனமான ஆள் என்று காட்டத்தான் இத்தனையும்.

முதல் சில வாரம் சரியாகத்தான் சிரித்தார்கள் என்று நினைத்தேன். டீக்கடையில் என்னைப் பார்த்தால், "ஐயா வர்றாரு, பட்டனைப் போடு" என்று கலாட்டா செய்வார்கள். அப்புறம் மெதுவாகப் பேச்சு மாறியது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் என்னை உட்காரவைத்து, "சிரிக்கச் சிரிக்கச் சொன்னாலும் நல்ல கருத்துங்க, இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு உறைக்கணும்" என்றார். நான் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு நாலு புத்தி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கருமம், நானும் வேஷத்தோடு போய் நாலு புத்தி சொன்னேன். சால்வை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைக்கும்போது என் மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க அவங்களைக் கிண்டல் பண்றீங்களா, இல்ல அவங்க உங்களை வேலைக்கு வெச்சிருக்காங்களா?"

உனக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கைத்தட்டல் ருசி பிடித்துப்போயிருந்தது. இருபது வருடம் குனிந்து ஓட்டை தேடியவனை ஊரே நிமிர்ந்து பார்த்தால் யாருக்குத்தான் கசக்கும்?

எங்கள் டேபிளில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அப்பா துணி ரோல் ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறவர். சாய ஆலையிலிருந்து கம்பெனிகளுக்கு லோடு அடிப்பார். அவள் எங்களிடம் வந்து நாலு வருடம். கண் என்றால் அப்படியொரு கண். ஒருமுறை ஒரு லாட் முழுக்கக் கழுத்துப் பட்டி அரை இஞ்ச் இறங்கித் தைத்திருந்தார்கள். தையல்காரர் பார்க்கவில்லை, லைன் சூப்பர்வைசர் பார்க்கவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்க்கவில்லை. அவள் மூன்றாவது பீஸிலேயே டேப்பை வைத்து, "அண்ணா, இது தப்புங்ணா, மொத்தமும் இப்படித்தான் வந்திருக்கும்" என்றாள். வெளிநாட்டு ஆர்டர்களுக்குச் சரக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு ஆபீஸ் அவிநாசியில் இருந்தது. அன்றைக்கு அங்கிருந்து வந்திருந்த அதிகாரி இதைக் கவனித்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அந்த ஆபீசிலேயே அவளுக்குக் குவாலிட்டி பார்க்கிற வேலை தருவதாகக் கடிதம் வந்தது. வரும் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினாள். கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சரக்குப் பார்க்கிற வேலை. எங்களைப் போல ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற வேலை. எங்கள் டேபிளிலிருந்து யாருமே அங்கே போனதில்லை. "போச்சுங்ணா, இனி நீங்க என்னை மேடம்னுதான் கூப்புடோணும்" என்று அவள் கலாய்க்க, மொத்த டேபிளும் கை தட்டியது. அப்பா ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "அப்பாதாங்ணா ஒறம்பரை சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையடிச்சுட்டு இருக்காரு" என்றாள். எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை.

அதே வாரம் டீ நேரத்தில் அவள் ஒரு கதை சொன்னாள். கம்பெனி வேன் அவள் வீதிக்கு வராது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் கட்டிங் பகுதியில் வேலை பார்ப்பவர், தினமும் அவளைத் தன் வண்டியில் கூட்டிவந்து கூட்டிப்போவார். ஏற்பாடு செய்ததே அவள் அப்பாதான். அதைப் பார்த்த அவள் பெரியப்பா, "நடுவுல டிபன் பையை வெச்சுக்க அம்மிணி, ஒரு முழமாச்சும் எடைவெளி இருக்கோணும்" என்று சொன்னாராம். அவள் பெரியப்பா மாதிரியே தொண்டையைச் செருமிச் செருமிச் சொல்லிக்காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உடனே அந்த வாரத்துக் காட்சி கிடைத்துவிட்டது.

"இதை நான் எடுத்துக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்குங்ணா. பெரியப்பாவுக்கு நல்லா உறைக்கட்டும்."

அத்தோடு விட்டிருக்கலாம். படப்பிடிப்புக்கு ஒரு பை வேண்டியிருந்தது. அவள் பை பார்க்க நன்றாக இருக்கும். கிளிப்பச்சைத் துணியில் ஆரஞ்சுப் பட்டி வைத்து, வெட்டுத் துண்டுகளிலிருந்து அவளே தைத்தது. அந்த மாதிரிப் பை ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அவளிடமே இரவல் கேட்டேன். டிபன் பாக்ஸை எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இருபது வருடம் குற்றம் தேடிய கண்ணுக்கு இந்தக் குற்றம் தெரியவில்லை.

காட்சி இதுதான். பேக்கிங் பகுதி ஆள் ஒருவர் சுடிதார் போட்டுக்கொண்டு பெண்ணாக வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பார். நடுவில் பச்சைப் பை. ஒழுக்க ஐயா விசில் ஊதி வண்டியை நிறுத்தி, டேப்பை எடுத்து இருவருக்கும் நடுவே அளப்பார். "அரை இஞ்ச் கொறையுதே, ரிஜெக்ட்!" என்று கத்தி அந்தப் பையில் அம்புக்குறியை ஒட்டுவார். அளக்கிறவன் எவ்வளவு வக்கிரம் பிடித்தவன் என்று ஊர் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

ஊர் சிரித்தது. எங்கள் நிகழ்ச்சியிலேயே அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. ஆனால் வண்டியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் காட்சியை மட்டும் துண்டு வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். திங்கள்கிழமையே அவள் வீதியில் பையை அடையாளம் கண்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் நாலைந்து தடியன்கள் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் அப்பா லோடு இறக்கப் போன கம்பெனியில், "ஏனுங்க, உங்க புள்ளைக்கு எத்தனை இஞ்ச் கொறையுதாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் லோடை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். புதன்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

அவளை வண்டியில் கூட்டிவரும் கட்டிங் ஆள்தான் விசயத்தைச் சொன்னார். அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். இனிமேல் வேலையும் வேண்டாம், அவிநாசியும் வேண்டாம், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. கட்டிங் ஆள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "உங்களுக்கு அவ பைதான் கெடைச்சுதுங்களாக்கும்" என்று மட்டும் சொன்னார். நியாயமாகப் பார்த்தால் அறைந்திருக்க வேண்டும்.

நாலு நாள் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். இதுவும் ஒரு ஒளிந்துகொள்கிற வழிதான். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரத்து நிகழ்ச்சி முடிந்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வேஷமில்லை, மீசையில்லை, கம்பெனிக்குப் போடுகிற கட்டம்போட்ட சட்டை. நேரே போய், தப்பு என் மேல், புள்ளையை வேலைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "ஐயோ, ஒழுக்க ஐயா வந்திருக்காரு!" என்று கத்தினாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவள் அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அவர் கண்ணில் அப்படியொரு மரியாதை.

"வாங்க வாங்க! கும்பிடறேனுங்க. எங்க ஊட்டுக்கு நீங்களே வருவீங்கன்னு கனவுலயும் நினைக்கலீங்க. இப்பத்தான் டிவியில பாத்து முடிச்சனுங்க."

பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி ஓடிப்போய் டீ வைத்துக்கொண்டு வந்தார். டிவியில் இன்னும் எங்கள் சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. சன்னலிலும் வாசலிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையை நீட்டி நின்றார்கள். உள் அறைக் கதவோரம் அவள் வந்து நின்றாள். நாலு நாளில் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். அண்ணன் வந்துவிட்டார், பேசிவிடுவார் என்கிற சிரிப்பு அது. அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன்.

"ஏனுங்க, உங்க பொண்ணு விசயமாத்தான் வந்தனுங்க. அவ மேல ஒரு தப்புமில்லீங்க. அந்தப் பையை வாங்கிட்டுப் போனது நான். நல்ல வேலைங்க, விட்டா திரும்பக் கெடைக்காது. காலம் மாறிப்போச்சுங்க. புள்ளையைத் தாட்டியுடுங்க."

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோதனையில் நான் பேசுகிற அதே வசனம். வார்த்தை மாறாமல் வந்துவிட்டது. நான் பேசிப் பேசிப் பழகிய வாய்க்கு, அந்த விசயத்தைச் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லை.

அவள் அப்பா முகம் வெளுத்துப்போய், மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி ஆவலாக ஒரு எட்டு முன்னால் வந்து, "அதானுங்க, நாங்களும்..." என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இருடி" என்று அப்பா அதட்டி அடக்கினார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். யாரோ ஒருத்தர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"சாமீ! என்றகிட்டயேங்களா? சோதனைதானுங்களே? நான் ஏமாற மாட்டனுங்க. நல்லாக் கேட்டுக்குங்க, எல்லாரும் கேட்டுக்குங்க, என்ற புள்ளை இந்தப் படியைத் தாண்ட மாட்டா. அவிநாசியும் வேண்டாம், ஆகாசமும் வேண்டாம்!"

வாசலில் கைத்தட்டல். "அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். "இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நிகழ்ச்சியிலும் ஒழுக்க ஐயா அப்படித்தான் சொல்வார். "நடிப்புன்னா இவருதான் நடிப்பு, சொந்த முகத்துலயே வந்திருக்காரு பாரு" என்று எதிர்வீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். எழுந்து நின்றேன். கத்தினேன்கூட. "நான் அந்த ஆளில்லீங்க, அவன் ஒரு முட்டாளு, அவனைப் பாத்துச் சிரிக்கத்தான் எடுத்தேன்" என்றேன். அவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"சரிங்க சாமி, போதுமுங்க" என்றார் அவள் அப்பா, அவரும் சிரித்துக்கொண்டே. வேர்த்து வழிந்தது அவருக்கு. "பாஸுங்களா, ரிஜெக்டுங்களா? உங்க வாயால சொல்லிப்போடுங்க. ஒரு வாரமா இந்த வீதியில தலை நிமிர முடியலீங்க. எல்லாரும் கேக்கற மாதிரி நீங்களே சொல்லிப்போட்டா எனக்கு அது போதுமுங்க."

அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயந்துபோய்ச் சொன்னேன் என்று எழுதினால் சுலபம். பரிதாபப்பட்டுச் சொன்னேன் என்று எழுதினால் இன்னும் அழகாக இருக்கும். இரண்டும் முழு உண்மையில்லை. சிரிக்கத் தயாராகக் கூட்டம் நிற்கிறது, நான் பேச்சிழந்து நின்றால் அசிங்கம் என்கிற நடிகன் புத்தியும் சேர்ந்துகொண்டது. இடுப்பில் கைவைத்து, தொண்டையைச் செருமி, ஒழுக்க ஐயா குரலில் சொன்னேன்.

"பாஸ்!"

வீதியே அதிர்ந்தது. அவள் அப்பா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கதவோரம் பார்த்தேன். அவள் அங்கே இல்லை.

திரும்பி வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொன்னால்தான் சிரிக்கிறார்கள், டிவியிலேயே சொல்லிவிடலாம், இந்த ஆள் சொன்னது அத்தனையும் தப்பு என்று வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சொல்லலாம் என்று. சேனல்காரரிடம் போய்க் கேட்டேன். "விளையாடறீங்களா? உங்க ஐயாவைப் பாத்துத்தான் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரம் தர்றாங்க. கருத்தை மாத்தினீங்கன்னா காலத்துக்கும் உங்க மூஞ்சியை யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். சண்டை போட்டிருக்கலாம். இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். அந்த வாரத்து நிகழ்ச்சியையும் நடித்துக் கொடுத்தேன். அவிநாசி ஆபீசுக்குப் போன் செய்து பத்து நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப்பார்த்தேன். "ஆள் உடனே வேணுங்க, இல்லீன்னா அடுத்தவங்களைப் பாக்கோணும்" என்றார்கள். ஒன்றாம் தேதி வந்தது, போனது. மூன்றாம் தேதி வேறொருத்தரை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வாரம், கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க அவள் வந்தாள். அவள் அம்மா கேட் அருகிலேயே நின்றுகொண்டார். இயந்திரச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. டேபிளில் அவள் இடத்தில் புதிதாக வந்த ஒரு அக்கா பீஸ் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்த இடத்தைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தாள். சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்டேன்.

"சாப்புட்டனுங்ணா" என்றாள். மூலனூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், முருங்கைக்காய் வியாபாரம், ஆவணியில் கல்யாணம் என்றும் அவளே சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் கண்ணு. உங்கப்பா கேக்கல" என்றேன். எனக்குச் சொல்ல அதுதான் மிச்சமிருந்தது.

அவள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"அண்ணா, நீங்க ஊட்டுக்கு வந்தீங்களே, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா அழுது சண்டை போட்டு, அப்பா சரின்னு சொல்லிட்டாருங்ணா. பேசறவன் பேசிட்டுப் போறான், நீ போ கண்ணு, நானே முதல் நாள் டெம்போவுல கொண்டாந்து விடறேன்னு சொல்லியிருந்தாரு. நான் துணியெல்லாம் அயர்ன் பண்ணி வெச்சிருந்தேன்."

அன்றைக்கு அவள் அம்மா ஒரு எட்டு முன்னால் வந்து என்னிடம் சொல்ல வந்தது இதுதான். சரி என்று சொன்ன அப்பனை நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி ஊர் சிரிக்க வைக்கிற ஆள் நேரில் வந்து நின்றால், எந்த அப்பன் சரி என்று சொல்வான்?

"நீங்க வராம இருந்திருந்தாலே போதுமுங்ணா" என்றாள். அட்டையை டேபிள் மேல் வைத்துவிட்டு, கேட்டை நோக்கி நடந்தாள்.